பினாயில் கேன்

நவம்பர் 4, திங்கள்

இந்த நோட்டில் பக்கத்துக்கு ஆறு கட்டம். தேதி, மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம், கையெழுத்து. அச்சடித்த இடத்தில் கோடு கோணலாக விழுந்துவிட்டதால் அம்மா வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபில் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். கணக்குப் போட்டுப் பார்க்க ஆகும் என்று அம்மா எடுத்து வந்தாள். நான் கட்டங்களைப் பொருட்படுத்தாமல் குறுக்கே எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. யாருக்கும் என்றால் அம்மாவுக்கு. வீட்டில் வேறு யாரும் இல்லை. அப்பாவைப் பற்றி இதில் எழுதப் போவதில்லை.

எழுதத் தோன்றியதற்குக் காரணம் ஒன்றுமில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரோஷிணி இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறிவிட்டாள். இன்று பள்ளியில் நான் பேசியது மொத்தம் நாலு வார்த்தை. அதில் இரண்டு "உள்ளேன் டீச்சர்".

பள்ளி விட்டதும் நேரே லேபுக்குப் போய்விடுவேன். வீட்டில் தனியாக இருக்க எனக்குப் பயம் என்று அம்மா எல்லோரிடமும் சொல்கிறாள். பயம் அவளுக்குத்தான். அங்கே அவள் கூட்டித் துடைக்கிறாள், டியூப்களை ப்ளீச்சிங் கரைசலில் ஊற வைக்கிறாள், குப்பை கட்டுகிறாள். எட்டு மணிக்கு அவள் வேலை முடியும்வரை நான் பின்பக்க நடையில் உட்கார்ந்து படிப்பேன். அங்கேதான் நாலு டப்பாக்களும் இருக்கின்றன. ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சளில். டியூபும் கையுறையும் சிவப்பில். உடைந்த கண்ணாடி நீலத்தில். ஊசி மட்டும் வெள்ளையில். அது கெட்டி பிளாஸ்டிக், குத்தினாலும் துளை விழாது. இரண்டு நாளைக்கொரு முறை ஒரு மஞ்சள் வண்டி வந்து எல்லாவற்றையும் எடுத்துப் போகும். ஊருக்கு வெளியே ஓர் ஆலையில் எரிப்பதை எரித்து, அவிப்பதை அவித்து அழிப்பார்களாம்.

என் கையெழுத்து நன்றாக இருப்பதால் ஸ்டிக்கர் எழுதும் வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார், ரத்தம் எடுக்கும் டெக்னீசியன் ரெஜினா அக்கா. லேபின் பெயர் மேலே அச்சடித்திருக்கும். கீழே தேதியும் உள்ளே என்ன இருக்கிறது என்பதும் நான் எழுத வேண்டும். ரெஜினா அக்கா ஒரு முறை, "உன் எழுத்தப் பாத்தா குப்பையைக்கூட பிரிச்சுப் படிக்கத் தோணுது" என்றார். நாள் முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 6, புதன்

மஞ்சள் வண்டி வந்தது, ஆனால் ஒன்றையும் எடுக்கவில்லை. பையில் ஒட்டும் பார்கோடு தீர்ந்துவிட்டதாம். பார்கோடு இல்லாத பையைத் தொட்டால் தன் வேலை போய்விடும் என்று டிரைவர் சொன்னார். ஓனர் பாஸ்கரன் சாரிடம் ரெஜினா அக்கா ஒரு மாதமாக இதைச் சொல்லி வருகிறார். புதுப்பிக்க எழுதிப் போட்டிருக்கிறேன் என்று சார் ஒரு மாதமாகச் சொல்லி வருகிறார்.

வெள்ளை டப்பாவும் நிரம்பிவிட்டது. முக்கால் அளவுக்கு மேல் போடக் கூடாது. ஊசியை வெட்டும் மெஷின் பழுதாகிக் கிடப்பதால் ஊசிகள் முழுசு முழுசாக நீட்டிக்கொண்டிருந்தன. வேறு டப்பா இல்லை. அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அப்போது எனக்கு அந்த யோசனை வந்தது. தரை துடைக்கிற பினாயில் காலியாகிவிட்ட ஐந்து லிட்டர் கேன் ஒன்று குளியலறையில் இருந்தது. கெட்டி பிளாஸ்டிக், வாய் குறுகல், மூடி திருகினால் இறுக்கமாக நிற்கும். நான் எடுத்து வந்து காட்டினேன். ரெஜினா அக்கா தட்டிப் பார்த்துவிட்டு, புது டப்பா வரும்வரை இதுவே போதும் என்றார். சார்கூட எட்டிப் பார்த்து, "பேச்சி, உன் பொண்ணு இஞ்சினியர்தான்" என்றார். அம்மா சேலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அந்தக் கேனுக்கு ஸ்டிக்கர் எழுதும்போது இரண்டு பேனா மாற்றினேன். "பயன்படுத்திய ஊசிகள். திறக்க வேண்டாம்." திறக்க வேண்டாம் என்பதைச் சிவப்பில் எழுதி அடிக்கோடு போட்டேன்.

நவம்பர் 8, வெள்ளி

மழை. வண்டி வரவில்லை. நடையில் நாற்றம். இயற்பியல் இரண்டாம் பாடம் முடித்தேன்.

அம்மாவுக்குக் காய்ச்சல். மருந்துக் கடையிலிருந்து மாத்திரை வாங்கி வந்தவுடன் டப்பாவின் ஸ்டிக்கரை நகத்தால் உரித்துவிட்டுத்தான் அலமாரியில் வைத்தாள். எப்போதும் அப்படித்தான். நான் எட்டாவது படித்தபோது ஒரு மாதம் அல்சர் என்று தினமும் ஒரு மாத்திரை போட்டாள். அந்தப் புட்டியிலும் ஸ்டிக்கர் இல்லை. அப்போது வலது ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தாள், அரிவாள்மணை பட்டுவிட்டது என்றாள். விடிந்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாந்தி எடுப்பாள், எனக்குக் கேட்கக் கூடாது என்று குழாயைத் திறந்துவிடுவாள். அல்சருக்கு வாந்தி வருமா என்று அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். வரலாம் என்றார்.

நவம்பர் 10, ஞாயிறு

காலையில் செங்கமலம் அக்கா பேட்டரி வண்டியில் குப்பை எடுக்க வந்தார். எங்கள் தெருவுக்கு நாலு வருடமாக அவர்தான். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். போன வருடம் வரை "நைன்த்து". ஜூனிலிருந்து "டென்த்து".

"ஏ டென்த்து, பச்சை டப்பாவுல பிஸ்கட் கவரைப் போட்டிருக்க. பிஸ்கட் கவர் மக்குமா? பரிச்சையில இப்பிடித்தான் எழுதுவியா?"

வண்டியின் ஓரத்தில் அவர் தனியாக ஒரு சாக்கு கட்டியிருப்பார். நல்ல டப்பா, நல்ல கேன் எது கிடைத்தாலும் அதில் போட்டுக்கொள்வார். அவர் தெருவில் குழாயில் தண்ணீர் வருவது நாலு நாளைக்கு ஒரு முறை. அவர் வீட்டில் எத்தனை கேன் இருந்தாலும் போதாது.

இன்று என்னிடம் பேசியவர் அவர் ஒருவர்தான். அதற்காகவே பிஸ்கட் கவரைப் பச்சையில் போட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது.

நவம்பர் 11, திங்கள்

இன்று ஒன்றும் நடக்கவில்லை.

நாளை லேபைப் பார்வையிட அதிகாரிகள் வருகிறார்கள். அதனால் எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று சார் அம்மாவிடம் சொன்னார். நானும் அம்மாவும் ஆறு மணிக்கே கிளம்பிவிட்டோம். மேட்டுத் தெரு கல்யாண மண்டபம் வழியாக வந்தோம். அங்கே முகூர்த்தம் முடிந்து வாழை இலையாகக் கொட்டிக் கிடந்தது. வீட்டுக்கு வந்து தோசை சாப்பிட்டோம்.

நகத்துக்கு அடியில் பசை ஒட்டியிருக்கிறது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தை இனி திறக்க மாட்டேன்.

நவம்பர் 12, செவ்வாய்

அதிகாரிகள் வந்து போய்விட்டார்களாம். நடை காலியாக இருந்தது. குப்பைக் கணக்கு ரிஜிஸ்டரில் 6, 8, 10 தேதிகள் வெறுமையாக இருப்பதாகச் சொல்லி, சார் நேற்றே என்னை எழுத வைத்திருந்தார். வெள்ளை 0.8 கிலோ, வண்டியில் ஏற்றப்பட்டது. எடை எப்படித் தெரியும் என்று கேட்டேன். "உனக்குத் தோணுறத எழுதும்மா, அழகா எழுது" என்றார்.

அதிகாரி ஒருவர் கையெழுத்தைப் பாராட்டினாராம்.

நவம்பர் 13, புதன்

செங்கமலம் அக்காவின் இடது உள்ளங்கையில் துணி கட்டியிருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"ஒண்ணுமில்ல டென்த்து. நேத்து பத்து மணி வாக்குல ஷெட்டுல பிரிச்சுக்கிட்டு இருந்தோம். மண்டபத்துக் குப்பையில பினாயில் கேன் ஒண்ணு, மூடியெல்லாம் புதுசு கணக்கா. தண்ணி புடிக்க ஆகுமேன்னு திறந்து கையில கவுத்துட்டேன். பூரா ஊசி. கையுறை போட்டிருந்தேன், அது ஊசிக்குத் தெரியுமா? எந்தப் புண்ணியவான் போட்டானோ, அவன் பிள்ளைகுட்டி நல்லா இருக்கட்டும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் மக்காத குப்பை இருந்த நீல டப்பாவைப் பச்சை இடத்தில் கொட்டிவிட்டேன். அதற்கும் திட்டினார்.

ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா என்று கேட்டேன். மஞ்சள் வைத்துக் கட்டியிருப்பதாகவும், தகரமும் கண்ணாடியும் கிழிக்காத நாள் ஏது, அதற்கெல்லாம் போனால் ஆஸ்பத்திரியிலேயே குடியிருக்க வேண்டியதுதான் என்றும் சொன்னார்.

சாயங்காலம் லேபில் ரத்தம் எடுக்கும் அறைக்கு வெளியே ஒட்டியிருக்கும் தாளை முழுதாக வாசித்தேன். இரண்டு வருடமாகப் பார்க்கிற தாள்தான். ஊசி குத்தினால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். பிதுக்கக் கூடாது. வாயில் வைக்கக் கூடாது. உடனே மருத்துவரிடம் போக வேண்டும். மருந்து தொடங்க எழுபத்திரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

எதற்கு மருந்து என்று ரெஜினா அக்காவிடம் கேட்டேன். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தி, "உனக்குக் குத்திருச்சா?" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அறிவியல் செயல்திட்டத்துக்கு என்று சொன்னேன். அரசு ஆஸ்பத்திரியில் நம்பிக்கை மையம் என்று ஓர் அறை இருப்பதாகவும், மருந்து அங்கே இலவசம் என்றும், எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது என்றும் சொன்னார். செயல்திட்டத்துக்காக அதையெல்லாம் எழுதிக்கொள்வதுபோல் எழுதினேன்.

செவ்வாய் பத்து மணி. வெள்ளி பத்து மணி.

நவம்பர் 14, வியாழன்

குழந்தைகள் தினம். மிட்டாய் கொடுத்தார்கள். தூய்மை பற்றிய கட்டுரைப் போட்டியில் எனக்கு இரண்டாம் பரிசு, ஒரு எவர்சில்வர் டம்ளர்.

காலையில் செங்கமலம் அக்கா வந்தபோது சொல்ல வேண்டும் என்று வாசலில் நின்றேன். கை வீங்கியிருந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போங்கக்கா" என்று மட்டும் சொன்னேன். "நீ டாக்டருக்குப் படிச்சு வா, உன்கிட்டயே காட்டுறேன்" என்றார். அவ்வளவுதான். வண்டி போய்விட்டது. சாதாரணமாகப் போங்கள் என்றால் போக மாட்டார். அது ரத்தம் எடுத்த ஊசி என்று சொல்ல வேண்டும். உனக்கு எப்படித் தெரியும் என்பார்.

ராத்திரி அம்மா பாத்திரம் விளக்கும்போது சொன்னேன். அவள் கையிலிருந்த நார் நின்றது.

"எந்தக் கை?"

"இடது. உள்ளங்கையில."

"ரத்தம் வந்துச்சாமா?"

"வந்துச்சாம். செவ்வாக்கிழமை காலைல, பத்து மணி வாக்குல."

அம்மா சோப்பு விரல்களை மடக்கி எண்ணினாள். "நாளைக்குப் பத்து மணி" என்றாள்.

எழுபத்திரண்டு என்ற எண்ணை நான் அவளிடம் சொல்லவே இல்லை.

செங்கமலம் அக்காவிடம் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். கையிலிருந்த பாத்திரத்தை அலசிக் கவிழ்த்தாள். பிறகு குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நாளைக்கு இந்த நடை காலியா இருக்கணும், எப்படின்னு என்கிட்ட கேக்காதன்னுதான் சார் சொன்னாரு. கொண்டுபோய்ப் போடுன்னு சொல்லல. போட்டது நான். மண்டபத்து வாசல் கேமராவுல இருக்கிறது என் மொகம். போலீசு வந்தா என்னையத்தான் கூட்டிட்டுப் போவாங்க. உன்ன எங்க விட்டுட்டுப் போவேன், சொல்லு."

கழுவிய பாத்திரங்களைத் துடைத்து அடுக்கினேன். 

இப்போது அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். தூங்குகிறாளா என்று தெரியாது. அதனால் போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். திங்கள்கிழமை ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதியது பொய். நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மஞ்சள் பையையும் சிவப்புப் பையையும் கறுப்புப் பைகளுக்குள் போட்டுக் கட்டினோம். லேப் பெயர் எங்கும் இருக்கக் கூடாது என்று அம்மா பைகளின் ஸ்டிக்கர்களை எல்லாம் உரித்தாள். கேனை மறந்துவிட்டாள். அவள் அதைத் தூக்கிப் பையில் வைக்கப் போனபோது, "அம்மா, இதுல இருக்கு" என்று நான்தான் சொன்னேன். நானே உரித்தேன். ஓரம் கிழியாமல் பக்குவமாக உரித்தேன். நன்றாக எழுதியிருந்ததால் எறிய மனம் வரவில்லை. கடைசிப் பக்கத்தில் ஒட்டி வைத்தேன்.

இப்போது அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன்.

நவம்பர் 15, வெள்ளி

காலையில் நான் எழுந்தபோது அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வழக்கமாக அந்த நேரத்தில் அடுப்படியில் இருப்பாள். வண்டிச் சத்தம் கேட்டதும் இரண்டு படி இறங்கினாள். வண்டியில் வேறு ஓர் ஆள். அம்மா அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே வந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் வேலைக்குப் போய்விட்டாள்.

நான் ஓடிப்போய் அடுத்த தெருவில் அந்த ஆளைப் பிடித்தேன். செங்கமலத்துக்குக் கை வீங்கிவிட்டதால் வண்டி ஓட்ட முடியவில்லை, ஷெட்டில் உட்கார்ந்து பிரிக்கிறாள் என்றார்.

நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போகிற வழியில் போகாமல் கண்மாய்க் கரைப் பக்கம் நடந்தேன். ஷெட் அங்கேதான் இருக்கிறது. யூனிஃபார்மில் போனதால் எல்லோரும் பார்த்தார்கள். செங்கமலம் அக்கா வலது கையால் மட்டும் பாட்டில் மூடிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன டென்த்து, மக்காத குப்பைன்னு உன்னையும் இங்க அனுப்பிட்டாங்களா?"

நான் கடைசிப் பக்கத்தைத் திறந்து நீட்டினேன்.  அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வாசிக்கத் தெரியாதோ என்று நினைத்து, "அந்தக் கேன்ல ஒட்டியிருந்ததுக்கா. எங்கம்மா வேலை பாக்குற லேபு. ரத்தம் எடுத்த ஊசி. போடும்போது நான்தான் உரிச்சேன்" என்றேன்.

"எனக்கு வாசிக்கத் தெரியும்" என்றார். "எட்டாவது வரைக்கும் போயிருக்கேன்."

பிறகு ஸ்டிக்கரின் மேல் விரலை வைத்து, சிவப்பு எழுத்தை வாய்விட்டு வாசித்தார். "திறக்க வேண்டாம்." பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல் ஒவ்வொரு சொல்லாக. என்னை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. 

பத்து மணி பற்றிச் சொன்னேன். ஷெட் சூப்பர்வைசர் முதலில் யோசித்தார், பிறகு கையைப் பார்த்துவிட்டு வேறொரு பேட்டரி வண்டிக்காரரை அனுப்பினார். குப்பை டப்பாக்களுக்கு நடுவில் நானும் செங்கமலம் அக்காவும் உட்கார்ந்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் வண்டியில் வழக்கமாகப் போடும் குப்பைப் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. அதை எப்படி நிறுத்துவது என்று அந்த ஆளுக்குத் தெரியவில்லை.

நம்பிக்கை மையத்தில் ஒரு டாக்டரம்மா இருந்தார். கையைக் கழுவச் சொல்லி, எல்லாம் கேட்டு எழுதினார். எந்த இடத்து ஊசி என்று கேட்டார். செங்கமலம் அக்கா என்னைத் திரும்பிப் பார்க்காமல், "தெரியாதுங்கம்மா. குப்பையில கெடந்துச்சு" என்றார்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. என் அம்மாவுக்காகப் பொய் சொல்கிறார்.

எந்த லேப் என்று தெரிந்தால் அந்த வாரத்து ரிப்போர்ட்டுகளைப் பார்த்து வேறு ஊசியும் தேவையா என்று முடிவு செய்யலாம் என்று டாக்டரம்மா சொன்னார். தெரியாவிட்டாலும் மருந்து கொடுப்போம், ஆனால் தெரிந்தால் நல்லது என்றார். செங்கமலம் அக்கா மறுபடியும் தெரியாது என்றார்.

நான் நோட்டை மேசைமேல் வைத்தேன். லேப் பெயர் மேலே அச்சடித்திருக்கிறது.

மொத்தம் இருபத்தெட்டு நாள், தினமும் ஒன்று; முதல் மாத்திரையை அங்கேயே தண்ணீர் கொடுத்து விழுங்க வைத்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது ஐம்பத்திரண்டு.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா, "சாப்பிடு" என்றாள்.

நவம்பர் 16, சனி

அம்மாவை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நவம்பர் 19, செவ்வாய்

அதிகாரிகள் அம்மாவை விசாரணைக்கு வரச் சொன்னார்கள். காலையில் போனவள் இருட்டும்போது வந்தாள். அதுவரை நான் கதவைத் தாழிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். வீட்டில் தனியாக இருக்க எனக்கும் பயம்தான் என்று இன்று தெரிந்தது.

பேச்சியம்மாள் தன்னிஷ்டத்துக்குச் செய்தாள் என்று சார் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். ரிஜிஸ்டரை யார் எழுதியது என்று கேட்டதற்கு, "சார் சொல்ல என் பிள்ளை எழுதினா, அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்று அம்மா சொன்னாளாம். இது எல்லாம் பக்கத்து வீட்டு அத்தையிடம் அம்மா சொல்லும்போது கேட்டது. என்னிடம் அவள் பேசுவதில்லை. சாப்பிடு, குளி, கதவைச் சாத்து. அவ்வளவுதான்.

பார்கோடு கேட்டு சாருக்கு அனுப்பிய செய்திகளை எல்லாம் ரெஜினா அக்கா அதிகாரிகளிடம் காட்டிவிட்டாராம். அந்த வார ரிப்போர்ட்டுகளில் ஒருவருக்கு மஞ்சள் காமாலைக் கிருமி இருந்ததாம். செங்கமலம் அக்காவுக்கு அதற்கும் ஊசி போட்டுவிட்டார்கள். லேப் கதவில் இப்போது சீல் வைத்திருக்கிறது. விசாரணை முடியவில்லை.

நவம்பர் 21, வியாழன்

வகுப்பில் யாருக்கோ தெரிந்துவிட்டது. என்னை "ஊசி" என்று கூப்பிடுகிறார்கள். நான் உட்காரும்போது பக்கத்தில் இருப்பவள் "ஸ்" என்று கையை உதறுகிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துப் பார்த்தேன், சீக்கிரம் நின்றுவிடும் என்று. நிற்கவில்லை.

செங்கமலம் அக்கா மறுபடியும் வண்டியில் வருகிறார். மூஞ்சி வெளுத்திருக்கிறது. நடுவில் நிறுத்தி, சாக்கடை ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தார். டப்பாவை வாங்கிக் கொட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. நான் வேண்டுமென்றே பச்சை டப்பாவில் பால் கவர் போட்டு வைத்திருந்தேன். அதைத் தானே எடுத்து நீலத்தில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

நவம்பர் 23, சனி

அம்மா விடியும் முன்பே எழுந்து கஞ்சி வைத்தாள். ஆறிய பிறகு தூக்குச் சட்டியில் ஊற்றி, மேல் தட்டில் நார்த்தங்காய் ஊறுகாயும் ஒரு துண்டு சுக்கும் வைத்தாள். என் பக்கம் நகர்த்தினாள்.

"அவளுக்கு எத்தனாவது நாள்?"

"ஒன்பது."

"பத்துப் பன்னெண்டு நாள் வரைக்கும்தான் கொமட்டும். அப்புறம் பழகிரும். வெறும் வயித்துல போட வேணாம்னு சொல்லு. எண்ணெய் ஆகாது, கஞ்சிதான் நிக்கும். மாத்திரைய ஒரு நாளும் விடக் கூடாது. முடியலன்னு பாதியில நிறுத்தத் தோணும். நிறுத்தக் கூடாதுன்னு சொல்லு."

எட்டு நாளில் அம்மா என்னிடம் இவ்வளவு பேசியது இதுதான் முதல் தடவை. உனக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அந்த அல்சர் மாதத்தில் துணி சுற்றியிருந்த அவளுடைய வலது ஆள்காட்டி விரலைப் பார்த்தேன். மற்ற விரல்களைப் போலத்தான் இருந்தது.

தூக்குச் சட்டியை வாங்கிய செங்கமலம் அக்கா, யார் கொடுத்தது என்று கேட்டார். சொன்னேன். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். வண்டியில் சாக்குக்குப் பக்கத்தில் சாயாமல் வைத்துக்கொண்டார்.

நவம்பர் 24 முதல் 30 வரை

தினமும் கஞ்சி. அரையாண்டுத் தேர்வு அட்டவணை வந்துவிட்டது. அம்மாவுக்குக் கல்யாண மண்டபத்தில் பாத்திரம் விளக்கும் வேலை கிடைத்திருக்கிறது. அதே மண்டபம். அங்கேயிருக்கும் குப்பைத் தொட்டியைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

டிசம்பர் 5, வியாழன்

ஒன்றும் நடக்கவில்லை. உண்மையாகவே.

டிசம்பர் 13, வெள்ளி

நேற்றோடு இருபத்தெட்டு நாள் முடிந்தது. எனக்குத் தமிழ்ப் பரீட்சை. கிளம்பும் நேரத்தில் வண்டி வந்தது.

செங்கமலம் அக்கா தூக்குச் சட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார். உள்ளே மாத்திரைப் புட்டி, அதையும் கழுவிக் காயவைத்திருந்தார். முப்பது மாத்திரைப் புட்டியாம், மிச்சம் இரண்டை ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். இந்த மாதக் கடைசியில் ஒரு டெஸ்ட், பிறகு பிப்ரவரியில் ஒன்று. அதுவரை ஒன்றும் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.

"நல்ல மூடி. உங்கம்மாகிட்ட குடு, சீரகம் போட்டு வைக்கட்டும்" என்றார். எங்கள் டப்பாக்களைக் கொட்டினார். வண்டியில் ஏறி உட்கார்ந்தவர் திரும்பி, "இன்னைக்கு என்ன பரிச்சை?" என்று கேட்டார்.

"தமிழ்க்கா."

"அதுல எழுத்துக்குத் தனியா மார்க் உண்டுல்ல, டென்த்து?"

வண்டி நகர்ந்துவிட்டது. பாட்டு திருப்பத்தில் கேட்காமல் போகும்வரை அங்கேயே நின்றேன். பரீட்சைக்கு ஐந்து நிமிடம் தாமதம்.

சாயங்காலம் புட்டியை அம்மாவிடம் கொடுத்தேன். அவள் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஸ்டிக்கரில் மருந்தின் பெயரும், செங்கமலம் என்று டாக்டரம்மா பேனாவால் எழுதியதும் அப்படியே இருந்தன. அம்மாவின் கட்டை விரல் தானாக ஓரத்துக்குப் போனது. நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பினாள். கால்வாசி எழுந்து வந்தது.

அப்புறம் நிறுத்தினாள். கிளம்பிய மூலையை விரலால் அழுத்தி, ஒட்டும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள். சீரகத்தை அதில் கொட்டி மூடி, அலமாரியில் மற்ற டப்பாக்களுக்கு முன்னால், எழுத்து வெளியே தெரியும்படி வைத்தாள்.